மூடாக்கில் முளைத்திருப்பது நண்பனா, நோயா, விஷமா?
மழைக்காலக் காளான்களை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை நாலு நாள் நின்று பெய்தால் போதும். கத்தரிப் பாத்தியில் பரப்பிய வைக்கோல், தென்னைக்கு அடியில் போட்ட மட்டை, வாழைக்கு இட்ட கரும்புச் சோகை என்று மூடாக்கு போட்ட இடமெல்லாம் ஏதேதோ முளைத்து நிற்கும். ஓரிடத்தில் வெள்ளை நூல் படர்ந்திருக்கும். இன்னோரிடத்தில் யாரோ மஞ்சள் கூழைக் கொட்டிவிட்டுப் போனது போல இருக்கும். வரப்பு ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக்குடை விரிந்திருக்கும்.

இதைப் பார்த்ததும் பலருக்கும் பயம் வந்துவிடுகிறது. செடிக்கு நோய் தொற்றிவிடுமோ என்று மூடாக்கை முழுக்க வாரிக் கொளுத்துபவர்கள் உண்டு. கடையில் பூஞ்சாணக்கொல்லி வாங்கிவந்து மூடாக்கின் மேல் தெளிப்பவர்களும் உண்டு. இதற்கு நேர்மாறாக, 'நல்ல காளான் மாதிரி இருக்கே' என்று பறித்துக் குழம்பு வைப்பவர்களும் உண்டு. முதல் இரண்டிலும் பணமும் மண்வளமும் வீணாகின்றன. மூன்றாவதில் உயிரே போகலாம்.

மூடாக்கில் வருவதில் பெரும்பகுதி, காய்ந்த இலை தழையை மட்கவைக்கும் உயிர்கள்தான். பயிருக்கு அவற்றால் கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியவை சில மட்டுமே. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் தேவையற்ற செலவும் மிச்சம், ஆபத்தும் விலகும்.

முதலில் மூன்று கேள்விகள்

புதிதாக எதையாவது கண்டால், கையில் எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, அது எதன் மேல் வளர்கிறது? காய்ந்த வைக்கோல், மட்டை, மரத்தூள், சாணம் ஆகியவற்றின் மேல் வளர்ந்தால் அநேகமாகக் கவலை இல்லை. உயிருள்ள செடியின் தூரிலோ, மரத்தின் அடித்தண்டிலோ ஒட்டி வளர்ந்தால் கவனம் தேவை. மூடாக்கை விலக்கி, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று வேர்வரை பார்த்துவிட வேண்டும்.

இரண்டு, பக்கத்தில் இருக்கும் செடி எப்படி இருக்கிறது? வாடல், மஞ்சளாதல், தூர் அழுகல், தண்டில் சாறு வடிதல் எதுவும் இல்லாமல் செடி செழிப்பாக இருந்தால் காளானை அப்படியே விட்டுவிடலாம்.

மூன்று, அந்த இடத்தில் சிறுபிள்ளைகள் விளையாடுகிறார்களா? வீட்டில் யாராவது அதைச் சமைக்க நினைக்கிறார்களா? அப்படியானால் பயிருக்கு நல்லதோ கெட்டதோ, அதை அப்புறப்படுத்துவதுதான் சரி.

வெள்ளை நூல்

மூடாக்கைப் புரட்டினால் சிலந்தி வலை போலவோ, பஞ்சு போலவோ வெள்ளை நூல் ஓடியிருக்கும். காளானின் உடம்பே இந்த நூல்தான். குடை போல வெளியே தெரிவது, அது வித்து பரப்புவதற்காக விடும் 'காய்' மட்டுமே. நாலு நாளில் குடை மறைந்துபோகும். நூல் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

வைக்கோலிலும் மட்டையிலும் உள்ள கடினமான நார்ப்பொருளை உடைப்பது பாக்டீரியாக்களால் எளிதில் முடியாத வேலை. அதைச் செய்பவை இந்த நூல்கள். தென்னைநார்க் கழிவை உரமாக்கும் முறையிலும் இதே வேலையைத்தான் மனிதர்கள் திட்டமிட்டுச் செய்விக்கிறார்கள். 1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அப்படி மட்கும்போது, 100 பங்குக்கு மேல் கரிமச்சத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்று இருந்த கழிவு, ஏறக்குறைய 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கி, பயிர் ஏற்கும் உரமாகிறது. காசு கொடுத்து வாங்கிப் போடும் காளான் வித்து செய்யும் வேலையை, மூடாக்கில் தானாக வந்த நூல் சும்மாவே செய்கிறது.

ஒரே ஒரு தொந்தரவு உண்டு. நூல் அடர்ந்து பாய் போல இறுகிவிட்டால், வெயிலில் காய்ந்தபின் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றும் நீர் வழிந்து ஓடிவிடும். அந்த இடத்தில் மண்வெட்டியாலோ முள்கரண்டியாலோ மூடாக்கை லேசாகக் கிளறிவிட்டால் சரியாகிவிடும்.

மஞ்சள் கூழ்

மழைக்கு மறுநாள் காலையில் மூடாக்கின் மேல் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், நுரைத்த முட்டைக் கூழ் போல ஒன்று படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'நாய் வாந்தி' என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அறிவியல் பெயர் ஃபுலிகோ செப்டிகா. பார்க்கக் காளான் இனம் போலத் தெரிந்தாலும் அது காளானே அல்ல. ஸ்லைம் மோல்டு எனப்படும் தனி உயிர்க்கூட்டத்தைச் சேர்ந்தது.

வேருமில்லை, நூலுமில்லை. மட்கும் பொருளில் உள்ள பாக்டீரியாக்களையும் நுண்ணிய பூஞ்சாணங்களையும் விழுங்கிக்கொண்டு மெல்ல ஊர்ந்து நகரும். நேற்று பாத்தியின் நடுவே இருந்தது இன்று ஓரத்துக்கு வந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சில நேரம் செடியின் தண்டிலும் இலையிலும் ஏறி நிற்கும். செடியிடமிருந்து எதையும் உறிஞ்சாது. ஓரிரு நாளில் மஞ்சள் மங்கி, பழுப்பு நிறப் பொருக்காகி, உடைத்தால் உள்ளே கருந்தூள் பறக்கும்.

இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. பார்க்க அருவருப்பாக இருந்தால், மஞ்சளாக ஈரத்தோடு இருக்கும்போதே ஒரு தகட்டால் வழித்துக் குப்பைக்குழியில் போட்டுவிடலாம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பல இடத்துக்கும் பரவும். ஆஸ்துமா உள்ளவர்கள் காய்ந்த பொருக்கை உடைக்காமல் இருப்பது நல்லது. அந்தத் தூள் ஒவ்வாமையைக் கிளப்பலாம்.

குருவிக்கூடு, நாற்றம், மை

சாணமும் மரத்துண்டும் கலந்த மூடாக்கில் மிளகு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை சின்னஞ்சிறு கிண்ணங்கள் கூட்டமாக வரும். உள்ளே நாலைந்து துவரம்பருப்பை வைத்தது போல இருக்கும். பார்த்தால் குருவிக்கூட்டில் முட்டை இருப்பது மாதிரியே தோன்றும். பூச்சி முட்டை என்று எண்ணிப் பலர் மருந்து அடித்துவிடுகிறார்கள். இதுவும் ஒரு காளான்தான். மழைத்துளி அந்தக் கிண்ணத்துக்குள் விழும் வேகத்தில் உள்ளிருக்கும் 'முட்டை' தெறித்து வெளியே போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குள்தான் வித்து இருக்கிறது. பயிருக்குத் தீங்கில்லை.

மூடாக்குப் பக்கம் போனாலே செத்த எலி நாற்றம் அடிக்கிறதா? எலியைத் தேடுவதற்கு முன், தரையைப் பாருங்கள். முட்டை போன்ற ஒன்றைப் பிளந்துகொண்டு, விரல் நீளத் தண்டும் உச்சியில் பச்சைப் பழுப்புச் சளியுமாக ஒரு காளான் நிற்கும். ஒரு வகைக்கு வெள்ளை வலைப்பாவாடை கட்டியது போல அழகான சல்லடைத் துணியும் தொங்கும். மூங்கில் புதரிலும், தென்னை மரத்தூள் மட்கும் இடத்திலும் இதைக் காணலாம். அந்த நாற்றத்துக்கு ஈ மொய்க்கும். ஈயின் காலில் ஒட்டி வித்து பரவும். இதுவும் மட்கவைக்கும் இனம்தான். வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வந்தால் முட்டைப் பருவத்திலேயே எடுத்துப் புதைத்துவிடலாம்.

சாணக்குப்பையிலும் ஈர வைக்கோலிலும் காலையில் சாம்பல் நிறக் குடையாக நின்று, சாயங்காலத்துக்குள் கறுப்பு மையாக உருகி வழிவது மைக்காளான். சிப்பிக்காளான், வைக்கோல் காளான் வளர்ப்பவர்களுக்கு இது களைக்காளான். படுக்கையில் வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பாத்தியில் வந்தால் அப்படியே விடலாம். இதையும் சிலர் சாப்பிடுகிறார்கள். ஆனால் மைக்காளான் வகைகளில் ஒன்று, மது அருந்தியவருக்குக் கடும் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும். வகை பிரிக்கத் தெரியாதவர்கள் தொடாமல் இருப்பதே மேல்.

மாடித் தோட்டத்தில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய தொட்டிகளில், எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் மெல்லிய சிறு குடைகள் வருவதுண்டு. நார்க்கழிவோடு வந்த வித்திலிருந்து முளைப்பவை இவை. தொட்டியில் இருக்கும் செடிக்குக் கெடுதல் செய்யாது. சாப்பிட்டால் வயிற்றைக் கெடுக்கும். அழகாக இருப்பதால் குழந்தைகள் கை நீட்டும். எனவே கண்டதும் எடுத்துவிட வேண்டும்.

இந்த இரண்டைக் கண்டால் விடாதீர்கள்

மூடாக்கில் உள்ளதெல்லாம் நண்பன் என்று இருந்துவிடவும் கூடாது. இரண்டு வகைகளை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதலாவது, தென்னையின் அடித்தண்டில் வரும் தட்டுக்காளான். இது கானோடெர்மா. மரத்தின் தூரில், தரையை ஒட்டி, அரைவட்டத் தட்டு போலக் கெட்டியாக வளரும். மேல்பக்கம் செம்பழுப்பில் மெருகு பூசியது போலவும், அடிப்பக்கம் வெள்ளையாகவும் இருக்கும். மற்ற காளான் போலக் கையால் பிய்க்க வராது. மரக்கட்டை மாதிரி இருக்கும். 1952-ல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோயை உண்டாக்குவது இதுதான்.

தட்டுக்காளான் வெளியே தெரிவதற்கு வெகு முன்பே வேரில் அழுகல் தொடங்கியிருக்கும். ஆகவே காளானுக்காகக் காத்திருக்காமல் வேறு அறிகுறிகளையும் பார்க்க வேண்டும். அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். தூரிலிருந்து செம்பழுப்புச் சாறு கசியும். நாளாக ஆக அந்தக் கசிவு மேலே ஏறும். குரும்பை உதிரும். மூடாக்கு மட்டையைத் தண்டோடு சேர்த்துக் குவித்து வைத்தால் இந்தக் கசிவு கண்ணில் படாமல் மறைந்துபோகும். மாதம் ஒருமுறையாவது தூரை விலக்கிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நோய் கண்ட மரத்துக்குத் தனிப்பாத்தி கட்டி, அதற்குப் பாயும் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகாமல் தடுக்க வேண்டும். சுற்றிலும் தனிமைப்படுத்தும் பள்ளம் எடுப்பதும் உதவும். 1 சத போர்டோக் கலவையை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் தூரைச் சுற்றி ஊற்றப் பரிந்துரைக்கப்படுகிறது. நல்ல மரங்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரமும், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும், அதோடு டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்து இடலாம். போர்டோக் கலவை ஊற்றிய கையோடு டிரைக்கோடெர்மாவை இடக்கூடாது. இடைவெளி விட வேண்டும். பட்டுப்போன மரத்தை வெட்டினால் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். நோய் மரத்தின் கட்டையை உடைத்து மற்ற மரங்களுக்கு மூடாக்காகப் போடுவது, நோயைச் சுமந்துபோய்க் கொடுப்பதற்குச் சமம்.

இரண்டாவது, செடியின் தூரில் வரும் கடுகு. நிலக்கடலை, கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றில் தரையை ஒட்டிய தண்டைச் சுற்றி வெள்ளை நூல் விசிறி போலப் படர்ந்து, அதன் மேல் கடுகு தூவியது போல உருண்டைகள் இருந்தால் அது ஸ்கிளிரோசியம் என்ற தண்டழுகல் பூஞ்சாணம். உருண்டைகள் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு கடுகு போலவே பழுப்பாகும். நல்ல நூலுக்கும் இதற்கும் வேறுபாடு எளிது. நல்ல நூல் மூடாக்கில் ஓடும், செடி நன்றாக இருக்கும். இது தண்டைப் பிடித்திருக்கும், செடி பகலில் வாடத் தொடங்கியிருக்கும். இழுத்தால் தூரோடு ஒடிந்து வரும்.

அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி, கடுகு உருண்டைகள் சிந்தாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். உருண்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். மட்காத குப்பை தண்டை ஒட்டி ஈரமாகக் கிடப்பது இதற்குத் தோதான இடம். மறு பயிருக்கு 1 கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்வதும், எக்டருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடுவதும் நல்ல தடுப்பு.

அடுப்பில் ஏற்றும் முன்

கிராமத்தில் காளான் பறிப்பது பரம்பரைப் பழக்கம். புற்றுக்காளான், அரிசிக்காளான் என்று மழை கண்டதும் தேடிப்போய்ப் பறிக்கிறார்கள். பாட்டியோடு கூடவே போய், அதே கரட்டில், அதே புற்றில் பறித்துப் பழகியவர்களுக்கு அந்த அறிவு உண்டு. புற்றுக்காளானின் தண்டு தரைக்குள் நீண்ட வேர் போல இறங்கி, கரையான் கூட்டுக்குள் போய் முடியும். கரையான்கள் உள்ளே வளர்க்கும் பயிர் அது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், புற்றில் பறித்துப் பழகிய கண், வீட்டுத் தோட்டத்தின் மூடாக்கிலும் புல்தரையிலும் வருவதை அதே காளான் என்று நினைத்துவிடும்போதுதான். மழைக்குப்பின் புல்தரையிலும் தோட்டத்திலும் வரும் பெரிய வெள்ளைக் குடை ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டு அகலம் வரை விரியும். நடுவில் பழுப்புச் செதில் ஒட்டியிருக்கும். தண்டில் மோதிரம் போட்டது போல வளையம் இருக்கும். குடைக்கு அடியில் உள்ள இதழ்கள் இளசில் வெள்ளையாக இருந்து, முற்றியதும் சாம்பல் பச்சையாகும். பெயர் குளோரோஃபில்லம். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் கொண்டுவரும். வெப்பநாடுகளில் அதிகம் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் காளான்களில் இதுவும் ஒன்று. இளம்பருவத்தில் பச்சை நிறம் தெரியாது என்பதுதான் இதன் வஞ்சகம்.

வைக்கோல் மூடாக்கில் இன்னொரு குழப்பம். 1940-களிலேயே கோயம்புத்தூரில் வளர்ப்பு முறை வகுக்கப்பட்ட வைக்கோல் காளான், இளசில் முட்டை போல இருக்கும். கொடிய விஷமுள்ள அமானிடா இனமும் இளசில் முட்டை போலவே இருக்கும். இரண்டுக்கும் அடியில் பை போன்ற உறை உண்டு. முட்டையை நீளவாக்கில் பிளந்தாலும் இரண்டிலும் உள்ளே குட்டிக்காளான்தான் தெரியும். வெளிநாட்டுக்குக் குடியேறிய ஆசிய நாட்டவர்கள், ஊரில் தின்ற வைக்கோல் காளான் என்று நினைத்து அமானிடாவைச் சமைத்து மாண்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களும் காளான் பறித்துப் பழகிய குடும்பத்தினரே.

ஊரில் சொல்லும் சோதனைகளை நம்ப வேண்டாம். வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், மஞ்சள்தூள் போட்டால் முறிந்துவிடும், புழு அரித்திருந்தால் நல்லது, ஆடு தின்றால் நாமும் தின்னலாம் என்பவை எதுவும் உண்மையல்ல. அமானிடாவின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. வாசனையிலும் சுவையிலும் காட்டிக்கொடுக்காது. 'பளபளப்பான நிறம் இருந்தால்தான் விஷம்' என்பதும் தவறு. உயிரைக் குடிக்கும் அமானிடாக்கள் வெள்ளையிலும் வெளிர்ப்பச்சையிலும் சாதுவாக நிற்கும்.

வித்துத்தூள் பார்ப்பது எப்படி?

ஒரு காளானை இன்னதென்று அறிய, அதன் வித்துத்தூளின் நிறம் நல்ல தடயம். விரிந்த குடையின் தண்டை வெட்டிவிட்டு, இதழ்ப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு தாளில் கவிழ்த்து வையுங்கள். தாளில் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் எந்த நிறத்தூளும் தெரியும். மேலே பழைய கிண்ணம் ஒன்றால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் எடுத்தால் தாளில் கோலம் போட்டது போலத் தூள் படிந்திருக்கும். பச்சைத்தூள் என்றால் குளோரோஃபில்லம். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. அமானிடாவுக்கு வெள்ளை. மைக்காளானுக்குக் கறுப்பு.

இந்தச் சோதனை பெயர் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். சாப்பிடலாமா என்று முடிவு செய்ய இதை வைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைத்தூள் விடும் நல்ல காளானும் உண்டு, கொல்லும் காளானும் உண்டு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கிண்ணத்தைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டால்?

காளான் சாப்பிட்டவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது. 108-ஐ அழைத்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம்.

எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி வந்தது என்பதை மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம். உடனே வரும் வாந்தியைவிட, 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்திதான் அதிக ஆபத்தின் அறிகுறி. அமானிடா விஷத்தில் ஒரு நாள் வாந்தி பேதி இருந்து, அடுத்த நாள் தெளிந்தது போலத் தெரியும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து மஞ்சள் காமாலையாக வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். எனவே தெளிவாகத் தெரிந்தாலும் மருத்துவர் சொல்லும்வரை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பக் கூடாது.

மீந்த குழம்பையோ, பறித்த இடத்தில் மிச்சமுள்ள காளானையோ ஒரு காகிதத்தில் சுற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாலும், கூடவே போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மூடாக்கு போடும்போதே கவனித்தால்

காய்கறிச் செடிகளுக்குத் தண்டிலிருந்து நாலு விரல் இடம் விட்டு மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றிக் காற்றாட இருந்தால் தூர் அழுகலுக்கு இடமில்லை. தென்னைக்கு 6 அடி ஆரப் பாத்தியில் உரிமட்டையைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பலாம். தண்டை ஒட்டிக் குவிக்காமல் பரவலாகப் போட வேண்டும்.

நோய் வந்த பயிரின் கழிவை மூடாக்காகப் போட வேண்டாம். ஒரே பொருளைக் கனமாகக் கொட்டுவதைவிட, வைக்கோலும் தழையும் சோகையும் கலந்து அளவாகப் போட்டு, மட்கியபின் மேலே மறுபடி போடுவது நல்லது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் வடிகால் இருக்கட்டும். மூடாக்கின் மேல் பூஞ்சாணக்கொல்லி தெளித்தால் நல்ல பூஞ்சாணங்களும் சேர்ந்து சாகும். கார்பெண்டாசிம் போன்றவை, நாம் காசு கொடுத்து வாங்கி இட்ட டிரைக்கோடெர்மாவையும் அழித்துவிடும்.

கேள்வி - பதில்

மூடாக்கில் காளான் வந்திருக்கிறது. அந்தப் பாத்தியில் விளைந்த கீரையையும் காயையும் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். காளானின் விஷம் பக்கத்துச் செடிக்குள் ஏறாது. கீரை பறிக்கும்போது இடையில் சிறு காளான் சேர்ந்து வந்துவிடாமல் ஆய்ந்து, நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

மரத்தூள் போட்டபின் நாற்று மஞ்சளாகிறது. பூஞ்சாணம்தான் காரணமா?

மரத்தூளை மண்ணோடு கொத்திக் கலந்திருந்தால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் நாற்று சில வாரம் வெளுத்துப்போகும். மேலாகப் பரப்பினால் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. இப்போதைக்கு மட்கிய தொழு உரமோ, புண்ணாக்குக் கரைசலோ கொடுத்தால் தேறிவிடும்.

மூடாக்குக்கு அடியில் வெள்ளையாக இருப்பது பூஞ்சாண நூலா, கரையானா?

மண்ணால் கட்டிய குழாய்ப்பாதை இருந்து, உடைத்தால் பூச்சி ஓடினால் கரையான். பாதை எதுவும் இல்லாமல் பஞ்சு போல ஒட்டியிருந்து, காளான் வாசனை அடித்தால் பூஞ்சாண நூல்.

பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா?

கூடாது. அதில் உள்ள நச்சு மாட்டைப் பாதிக்கும். அந்த வைக்கோலை மூடாக்காகவோ மட்கு உரத்துக்கோ பயன்படுத்துங்கள். காய்ந்த வைக்கோலை உதறும்போது மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இன்னதென்று தெரியாத காளானை யாரிடம் காட்டுவது?

முதலில் அது வளரும் இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். குடையின் மேல்பக்கம், அடிப்பக்க இதழ்கள், மண்ணைத் தோண்டி எடுத்த அடித்தண்டு ஆகியவற்றைத் தனித்தனியாகப் படம் எடுக்க வேண்டும். மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். செய்தித்தாளில் சுற்றி அன்றே மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ கொண்டுபோகலாம். பயிர்நோய் பற்றிய சந்தேகத்துக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

காளான் சாப்பிட ஆசை இருந்தால், நம்பகமான இடத்தில் சிப்பிக்காளான் வித்துப்புட்டி வாங்கி, அதே வைக்கோலை வேகவைத்துப் பையில் அடைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே வளர்க்கலாம். மூடாக்கில் தானாக முளைத்ததை மண்ணுக்கே விட்டுவிடுவோம்.